அச்சில் நடந்த வணக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சளியைத் தவிர வேறு குறை இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? இடது காதில் இரைச்சல் குறைந்ததா?

இனிமேல் உனக்கு 'நீங்கள்' போட்டு எழுதச் சொல்கிறாள் அம்மா. பன்னிரண்டு வருடமாகத் துறவியாக இருப்பவளை நீ, வா, போ என்று எழுதக் கூடாதாம். எழுதிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் இணைப்புக் கேட்டு மனுப் போட்டது போல இருந்தது. கிழித்துவிட்டேன்.

போன வாரம் எங்கள் சமயவியல் துறையில் 'சமய ஆய்வில் பாலினம்' என்று ஒருநாள் கருத்தரங்கு. மேடையில் ஐந்து நாற்காலி, ஐந்திலும் ஆண்கள். அந்த நாற்காலிகளைத் தூக்கிப் போட்டது நானும் இன்னும் மூன்று பெண் ஆய்வாளர்களும். டீக் கோப்பைகளைப் பொறுக்கியதும் நாங்கள்தான். என் நெறியாளரை நாங்கள் 'மைக்' என்றுதான் கூப்பிடுவோம். கையில் மைக் கிடைத்தால் மின்சாரம் போனால்தான் விடுவார். சமயங்கள் பெண்ணின் குரலை எப்படி அடக்கின என்று ஐம்பது நிமிடம் பேசினார். நான் கேள்வி கேட்கக் கை தூக்கினேன். "நேரமில்லைம்மா. சாப்பாடு வந்துடுச்சான்னு போய்ப் பாரு" என்றார்.

என் ஆய்வு உனக்குத் தெரியும். பெண் என்பது பிறப்பில் வருவதில்லை, சமூகமும் சமயமும் சேர்ந்து செய்வது என்கிறார்கள் பாலினக் கோட்பாட்டுக்காரர்கள். பௌத்தம் அதற்கும் ஒரு படி மேலே போகிறது. 'நான்' என்பதே செய்யப்பட்டதுதான் என்கிறது. நானே இல்லையென்றால் பெண் என்பது எதில் ஒட்டும்? இதுதான் என் மூன்றாம் இயல். ஒரே ஒரு இடத்தில் இடிக்கிறது. நூறு வருடம் துறவில் இருந்த பிக்குணியும் அன்று காலையில் துறவு பூண்ட பிக்குவை வணங்க வேண்டும் என்ற விதி. 'நான்' இல்லாத இடத்தில் இந்த மேல் கீழ் எங்கிருந்து வந்தது?

பதினைந்து நாளைக்கு ஒருமுறை நீங்கள் எல்லோரும் பெரிய மடத்துக்குப் போய் பிக்குகளை வணங்குகிறீர்களே, நெற்றி தரையில் படும்போது உனக்கு என்ன தோன்றுகிறது? மழுப்பாமல் எழுது.

காதில் தண்ணீர் போகாமல் குளி.

உன் சின்னவள்


பிப்ரவரி 26

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. சளி போனதா? ஆவி பிடித்தாயா, இல்லை வழக்கம்போல மாத்திரையை விழுங்கிவிட்டுச் சுற்றுகிறாயா? என் காது இருந்தபடி இருக்கிறது.

தையல் அறையில் வேலை அதிகம். பிக்குவின் மேலாடையை ஒரே துணியாக விடக் கூடாது. துண்டு துண்டாக வெட்டி, வயல் வரப்பு மாதிரி கட்டம் கட்டமாக மறுபடி சேர்த்துத் தைக்க வேண்டும். வெட்டிய துணிக்கு விலையும் போய்விடும், அதன் மேல் ஆசையும் போய்விடும் என்பது ஏற்பாடு. வெட்டுவது நான், தைப்பது நாலு பேர்.

விதி பற்றிக் கேட்டாய். இன்னொரு விதியும் இருக்கிறது. உறவில்லாத பிக்குணியிடம் பிக்கு தன் துணியைத் துவைக்கக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெரிய மடத்திலிருந்து தோட்டத்தைத் தாண்டி மூன்று மூட்டை அழுக்குத் துணி இங்கே வருகிறது. அந்த விதி யாருக்கும் ஞாபகம் இல்லை. வணங்குகிற விதி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

வணங்கும்போது, தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று தோன்றும். வெயில் காலத்தில் அது நன்றாகவே இருக்கும். இதற்கு உன் மூன்றாம் இயலில் இடம் இருக்கிறதா பார்.

ஏப்ரல் பௌர்ணமியில் பெரிய மடத்தில் ஆறு பேர் துறவு பூணுகிறார்கள். பெயரும் உயரமும் எழுதி ஆறு சீட்டு வந்தது. ஐந்து ஆடைக்கு வெட்டிவிட்டேன். ஆறாவது சீட்டை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய் இருமல் வந்திருக்கிறது. உனக்கு எல்லாம் சரிதானே?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? அத்தான். பன்னிரண்டு வருடம் கழித்து. மீசையை எடுத்துவிட்டார், குரல் இறங்கியிருக்கிறது. ஏப்ரல் பௌர்ணமியில் துறவு பூணப் போகிறாராம், அதுவும் உங்கள் பெரிய மடத்திலேயே. அம்மா காலில் விழுந்தார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நீ தர்மத்தைத் தேடிப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு அவர் மேல்தான் பாவமாக இருந்தது. பெண்டாட்டி சாமியாராகப் போய்விட்டாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். முப்பத்தாறு வண்ணப் பென்சில் பெட்டி வாங்கித் தந்த மனுஷன் அவர்.

மைக்கிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இது தரவு இல்லைம்மா, தங்கம்" என்றார். யோசித்துப் பார், அக்கா. மனைவி பன்னிரண்டு வருட மூத்த துறவி. கணவன் இன்று பிறந்த துறவி. மூத்தவள் இளையவரை வணங்குகிறாள். வெளியிலிருந்து பார்த்தால் ஆணாதிக்கம். உள்ளேயோ மனைவியும் இல்லை, கணவனும் இல்லை; ஆண், பெண் இரண்டும் கரைகிற பயிற்சி. எனக்கு இடித்துக்கொண்டிருந்த இடம் இதோடு திறந்துகொண்டது.

மே மாதக் கருத்தரங்குக்கு இதைத்தான் கட்டுரையாகத் தரப் போகிறேன். அவரை வணங்கும்போது உனக்கு என்ன தோன்றும் என்று முன்கூட்டியே யோசித்து எழுது. தரை குளிர்ச்சி என்று மட்டும் எழுதித் தப்பிக்காதே.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் சின்னவள்


மார்ச் 31

சின்னவளுக்கு,

இருமல் நின்றதா? நான் நலம்.

தையல் இயந்திரத்தின் வார் அறுந்துவிட்டது. நாலு நாளாகக் கையால் தைக்கிறோம். சாயத் தொட்டியில் விரிசல். ஆடைகள் ஒன்றுக்கொன்று நிறம் சேரவில்லை.

நீ கேட்டதற்கு இப்போது எதுவும் எழுத முடியாது.

அவன் வந்த அன்றைக்கு அம்மா சாப்பாடு போட்டாளா?

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு இருமல் விட்டது. உனக்குக் காது எப்படி இருக்கிறது?

இரண்டு பக்கம் கேள்வி அனுப்பினால் வார் அறுந்த கதை எழுதுகிறாய். சாப்பாடு போட்டாள், அக்கா. அவர் நன்றாகச் சாப்பிட்டார். இதை எதற்குக் கேட்கிறாய்? பன்னிரண்டு வருடம் தியானம் செய்தவளுக்கு, பழைய புருஷன் வீட்டில் சாப்பிட்டாரா என்பதா கவலை? அதுவும் 'அவன்' என்று எழுதுகிறாய்.

முந்தாநாள் பௌர்ணமி. துறவுச் சடங்கு முடிந்திருக்கும். நீயும் மற்ற பிக்குணிகளோடு போய் அவரை வணங்கியிருப்பாய். கட்டுரை இருபதாம் தேதிக்குள் மைக் கையில் இருக்க வேண்டும். உன் தரப்பு வராததால் நானே எழுதிவிட்டேன். எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அதற்குள் எழுது. வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

கோபம் இல்லை. அவசரம், அவ்வளவுதான். உடம்பு ஜாக்கிரதை.

உன் சின்னவள்


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன ஆயிற்று? ஒரு மாதமாக ஒரு வரிகூட இல்லை. உடம்பு சரியில்லையா?

கட்டுரை துறை இதழில் வந்துவிட்டது. ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. அட்டையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து படி. எனக்கு வந்த ஆத்திரம் உனக்கும் வரும். என் கட்டுரைக்கு முதல் ஆசிரியர் மைக். நான் இரண்டாவது. அவர் அதில் எழுதியது தலைப்பில் ஒரே ஒரு சொல். கருத்தரங்கில் வாசித்ததும் அவரே. கைதட்டல் ஓய்ந்ததும் என்னைக் காட்டி, "களப்பணியில் எனக்கு உதவிய மாணவி" என்றார். களம் என் அக்கா. பணி என்னுடையது. உதவி மட்டும் அவருக்காம்.

கேட்டேன். "வரிசைன்னு ஒண்ணு இருக்கும்மா. இதுல எல்லாம் 'நான்' பார்க்கக் கூடாது. பௌத்தம் படிக்கிற பொண்ணு நீ" என்றார். வெளியே வந்துவிட்டேன். இன்னும் காது சூடாக இருக்கிறது.

இதழின் ஒரு பிரதியை உங்கள் பெரிய மடத்துத் தலைவருக்கும் அனுப்பியிருக்கிறார். பழக்கமாம். நீ நலமென்று மட்டுமாவது எழுது.

உன் சின்னவள்


ஜூன் 2

மதிப்புக்குரிய சகோதரிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. தையல் அறையில் உங்கள் அக்காவோடு வேலை செய்கிறவள். ஆறாவது சீட்டை அவர் கொடுத்தது என்னிடம்தான். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

ஏப்ரல் பௌர்ணமியில் நாங்கள் இருபத்து மூன்று பேரும் வரிசையாகப் போய் பிக்குகளை ஒவ்வொருவராக வணங்கினோம். உங்கள் அக்கா எல்லோரையும் வணங்கினார். புதியவர்கள் ஆறு பேரில் ஐந்து பேரையும் வணங்கினார். ஆறாவது ஆள் முன்னால் வந்ததும் நின்றார், நகர்ந்து போய்விட்டார். ஏதோ கவனப் பிசகு என்று விட்டுவிட்டார்கள். அடுத்த அமாவாசையிலும் அப்படியே. மே பௌர்ணமியிலும் அப்படியே.

போன வாரம் தலைவர், எல்லோரும் அவரைப் பெரியவர் என்போம், உங்கள் அக்காவை எங்கள் எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்தார். கையில் உங்கள் இதழ்.

"உன் தங்கச்சி படிச்ச பொண்ணு. நீ இவரை வணங்கினதா எழுதியிருக்கா. கண்ணுல தண்ணி வந்துச்சாம். படிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதினோராம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

"நான் வணங்கலை" என்றார் உங்கள் அக்கா.

"அப்போ உன் தங்கச்சி பொய் எழுதினாளா? இல்ல, முதல்ல வணங்கிட்டு இப்ப கலகம் பண்றியா?"

உங்கள் அக்கா பதில் சொல்லவில்லை. உங்களைப் பொய்க்காரி என்று சொல்ல வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் இருபத்தைந்து அமாவாசை அன்று விசாரணை. அன்று வணங்காவிட்டால் ஆடையைக் கழற்ற வைத்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அவருக்குப் போக வேறு இடம் இருக்கிறதா?

நீங்கள் எழுதியது உண்மையா என்று எனக்குத் தெரிய வேண்டாம். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் கண்ணில் தண்ணீர் எதுவும் இல்லை.

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

தையல் அறையில் இருப்பவள்


ஜூன் 6

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கூடத் தைக்கிறவள் எழுதினாள். அவளைத் திட்டாதே. நீ அவரை மட்டும் வணங்காமல் நகர்ந்தாய் என்று படித்ததும் உன் காதுதான் நினைவுக்கு வந்தது. நேராக வீட்டுக்குப் போனேன். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை.

"அக்காவுக்குக் காது எதனால போச்சு?"

"காய்ச்சல்லன்னு சொல்லியிருக்கேன்ல."

"எந்தக் காய்ச்சல்? எந்த வருஷம்?"

அம்மா குழாயை மூடினாள். "கல்யாணமாகி மூணாவது வருஷம். அவன் அடிச்சதுல."

"நீ என்ன பண்ணின?"

"திரும்பக் கொண்டுபோய் விட்டேன்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"எதுக்கும்மா?"

"நீ ஒருத்தி இருந்தியே. அக்கா வாழாவெட்டின்னு பேர் வந்தா உன்னை யாரு கட்டுவா?"

எனக்காக, அக்கா. நான் அந்த வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து, அவன் வாங்கித் தந்த பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். "அவனுக்குச் சோறு எதுக்குப் போட்ட?" என்று கத்தினேன். "பயந்துதான் போட்டேன்" என்றாள். இத்தனை வருடம் கழித்தும் பயம்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? பன்னிரண்டு வருடம் காதைப் பற்றி நான் கேட்க, 'இருந்தபடி இருக்கிறது' என்று எழுதிக்கொண்டே இருந்தாயே. நான் என்ன செய்ய வேண்டும், சொல். எதுவானாலும் செய்கிறேன்.

உன் சின்னவள்


ஜூன் 14

சின்னவளுக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன், வேலை செய்கிறேன். நீயும் சாப்பிடு, உன் கடிதத்தைப் பார்த்தால் சாப்பிடுகிறவள் எழுதியது போல இல்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். துறவி பொய் சொல்லக் கூடாது, அதனால் எழுதுகிறேன். நிறையக் கோபம்.

உன் கட்டுரையை நான்கு தடவை படித்தேன். பதினோராம் பக்கத்தில் நான் அவன் முன்னால் மண்டி போடுகிறேன். நெற்றியைத் தரையில் வைக்கிறேன். எழும்போது கண்ணில் நீர். அதற்கு 'அமைதியின் நீர்' என்று பெயரும் வைத்திருக்கிறாய். நீ அங்கே இல்லை. என்னிடம் கேட்டாய், நான் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அவனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். 'நான்' என்பது இல்லை என்று நிரூபிப்பதற்காக என்னையே இல்லாமல் செய்துவிட்டாய். ரொம்பப் பௌத்தமான கட்டுரை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு அம்மா சாப்பாடு போட்டாளா என்று கேட்டேன்.

நான் தர்மத்தைத் தேடி வரவில்லை. நாலாவது தடவை அம்மா வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்தேன். இந்த மடத்துக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது, அதனால் வந்தேன். தர்மம் அப்புறம்தான் வந்தது. ஆறாவது வருடமோ என்னவோ, ஒருநாள் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது. அது பொய் இல்லை. 'நான்' என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்பதை நீ நூலகத்தில் படித்தாய். நான் தினமும் காலையில் உட்கார்ந்து பார்க்கிறேன். அது உண்மை. ஆனால் அந்த உண்மையை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனி. மேலே உட்கார்ந்திருப்பவன் கீழே நிற்பவளைப் பார்த்து, நீ கரைந்து போ என்கிறான். அவன் உட்கார்ந்திருக்கிற நாற்காலி கரைவதே இல்லை. உங்கள் மைக் உன்னிடம் சொன்னதும் இதுதான். அவர் சொன்னபோது உனக்குக் காது சூடானது. நீ அதையே எனக்கு எழுதியபோது உனக்கு ஒன்றும் சுடவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். நீ பார்க்காததைப் பார்த்ததாக எழுதினாய் என்று அமாவாசைக்கு முன்னால் பெரியவருக்கு எழுது. என் காதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதே. அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

அம்மாவைத் திட்டியது போதும். மழை தொடங்கிவிட்டது, நனையாதே.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். நீ கேட்டதைச் செய்துவிட்டேன்.

முதலில் மைக்கிடம் போனேன். மறுப்புக் குறிப்பு ஒன்றை அடுத்த இதழில் போடச் சொன்னேன்.

"அச்சானது அச்சானதுதான்மா. ஒரு சம்பவம் நடந்தா என்ன, நடக்காட்டி என்ன? கோட்பாடு நிக்குதுல்ல?"

"எங்க அக்கா நிக்கிறாங்க சார். விசாரணையில."

"உணர்ச்சிவசப்படாத. பொண்ணுங்க ஆய்வுக்கு வந்தா இதான் சிக்கல், சொந்தக் கதையைக் கொண்டு வந்துடறீங்க."

மார்ச்சில் என் சொந்தக் கதை தங்கமாக இருந்தது, ஜூனில் சிக்கலாகிவிட்டதா என்று கேட்டேன். கதவைக் காட்டினார்.

துறை அலுவலகத்தில் ஒரு அம்மா இருக்கிறார், இதழை உறையில் போட்டு அனுப்புகிறவர். அவரிடம் முகவரிப் பட்டியல் கேட்டேன். "அதெல்லாம் கொடுக்கக் கூடாது" என்றார். பிறகு எழுந்து, "நான் டீ குடிக்கப் போறேன். பட்டியல் மேஜை மேல கிடக்கு. நீ எடுத்துடாத. எடுத்தாலும் பத்து நிமிஷத்துல திருப்பி வெச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூற்று நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறேன். பெரியவருக்குப் பதிவுத் தபாலில். எல்லோருக்கும் இதே வரிகள்தான்:

'பதினோராம் பக்கத்தில் வரும் வணக்கத்தை நான் பார்க்கவில்லை. அது நடக்கவில்லை. என் கோட்பாட்டுக்குத் தேவைப்பட்டதால் நானே எழுதினேன். அந்தப் பிக்குணி எனக்கு எந்த அனுமதியும் தரவில்லை. பொய் என்னுடையது.'

மறுநாளே மைக் தன் பெயரை நீக்கிக்கொண்டார். கட்டுரையிலிருந்து இல்லை, என் ஆய்வேட்டிலிருந்து. நெறியாளர் இல்லாமல் ஆறு மாதம் ஓடிவிட்டால் என் பதிவே ரத்தாகிவிடும். இதை உனக்குக் கணக்குக் காட்டுவதற்காக எழுதவில்லை. பரிதாபமும் வேண்டாம். மூன்றாம் இயலைக் கிழித்துப் போட்டபோது முதல்முறையாக இந்த ஆய்வைச் செய்ய ஆசையாக இருந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இருபத்தைந்தாம் தேதி என்ன ஆனாலும், உனக்குப் போக இடம் இருக்கிறது. விடுதியில் என் அறை சிறியது. ஆனால் இரண்டு பாய் விரிக்கலாம்.

உன் சின்னவள்


ஜூலை 1

சின்னவளுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். பாய் வேண்டாம், இப்போதைக்கு. என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன்.

கூடத்தில் பிக்குகள் முப்பது பேர், நாங்கள் இருபத்து மூன்று பேர். பெரியவர் உன் கடிதத்தை மனதுக்குள் படித்தார், மடித்தார், ஆடைக்குள் வைத்துக்கொண்டார். இதழைச் சத்தமாகப் படித்தவர் இதைச் சத்தமாகப் படிக்கவில்லை. "கட்டுரையை விடுவோம். இவரை ஏன் வணங்கலை?" என்றார்.

சொன்னேன். எந்த வருடம், எந்தக் கை, எந்தக் காது. அம்மா எத்தனை தடவை கொண்டுபோய் விட்டாள். பன்னிரண்டு வருடம் சொல்லாததற்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அவன் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"துறவு பூண்டவன் புதுசாப் பிறந்தவன். அந்தப் பழைய ஆள் இப்போ இல்லை. இல்லாத ஆள் மேல ஏன் கோபம்?" என்றார் பெரியவர்.

நான் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை, வாயில் வந்தது. "அவர் தலையை மழிச்சதும் புருஷன் போயிட்டான், அடிச்சவன் போயிட்டான், எல்லாம் உதிர்ந்துடுச்சு. நானும் அதே தலையைத்தான் மழிச்சேன், பன்னிரண்டு வருஷம் முன்னாடி. எனக்கு மட்டும் பொம்பளைங்கறது உதிரலையா? முடி மட்டும்தான் உதிர்ந்துச்சா?"

எங்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

பெரியவர் முட்டாள் இல்லை. ஒரு வழி சொன்னார். அந்த ஒருவரை மட்டும் நான் வணங்க வேண்டாம். காரணம் உடல்நலக் குறைவு என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். யாருக்கும் சங்கடம் இல்லை. எங்கள் மூத்த பிக்குணி என்னைப் பார்த்துத் தலையாட்டினார், ஒத்துக்கொள் என்று. ஏப்ரலில் இதைச் சொல்லியிருந்தால் நான் கை கூப்பி ஏற்றுக்கொண்டிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் நான் கேட்ட கேள்வி என் காதிலேயே விழுந்துவிட்டது. அவனை வணங்காததற்குக் காரணம் இருக்கிறது, சரி. மற்ற இருபத்தொன்பது பேரை எதற்கு வணங்கினேன்? அவர்கள் என்னை அடிக்கவில்லை என்பதற்காகவா?

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. அப்படி எழுத வேண்டாம்" என்றேன்.

"பின்ன என்னன்னு எழுதறது?"

"மறுத்தாள்னு எழுதுங்க. அவரை மட்டும் இல்லை. மூத்தவங்களா இருந்தா பிக்கு பிக்குணி பார்க்காம வணங்கறேன். எனக்கு அப்புறம் வந்த யாரையும், ஆம்பளைங்கறதுக்காக வணங்க மாட்டேன்."

பதிவேடு எழுதுகிற பிக்கு சின்ன வயது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரியவர் முகத்தைப் பார்த்தார். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பிக்கு எழுதிவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்று, எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன். அச்சில் வந்ததைப் பற்றி எனக்கு இப்போது கொஞ்சம் பயம் இருக்கிறது.

தையல் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருட மூப்பு போயிற்று, வரிசையில் எல்லோருக்கும் கடைசியில் நிற்கிறேன். போன மாதம் வந்த பெண்ணுக்குப் பின்னால். அவளுக்கு என்னைவிடக் கூச்சமாக இருக்கிறது, திரும்பித் திரும்பிப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறாள். இன்னும் ஒருமுறை மறுத்தால் ஆடையைக் கழற்றுவது பற்றி முடிவெடுப்பார்களாம். எனக்கு அழுகை வந்தது. 'அமைதியின் நீர்' இல்லை. ஆத்திரத்தில் வருவது.

உன் ஆய்வுக்கு நான் சொன்னதைப் பயன்படுத்தலாமா என்று நீ இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பாய். நானே சொல்கிறேன். ஜூலை பத்தாம் தேதி பௌர்ணமி. காலை ஏழு மணிக்கு வரிசை தோட்டத்தைத் தாண்டும். நான் போவேன், நிற்பேன். வாசலிலேயே தடுப்பார்களா, பக்கத்தில் வேறு யாராவது நிற்பார்களா, எனக்கே கடைசி நேரத்தில் முழங்கால் மடங்கிவிடுமா, எதுவும் தெரியாது. பொதுமக்கள் உட்கார ஓர் இடம் இருக்கிறது. வா. கண்ணால் பார். அதற்கப்புறம் எழுது.

அக்கா